மீன்கடைக் கதை முக்கியமில்லை

வகுப்பே சிரித்தது. முன்வரிசைச் சீனப் பையன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பின்னால் இரண்டு மலாய்ப் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். டிவி பெட்டிக்குள் கணேஸ்வரன் சாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். கமலவேணி மட்டும் திரையின் அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நான்கு மூலையிலும் ரோஜாப்பூ வைத்த கட்டத்துக்குள் பெரிய பெரிய ஆங்கில எழுத்தில் இப்படி இருந்தது: 'சார் மீன்கடைக் கதை சொல்கிறார். நாட் இம்பார்ட்டன்ட்.'

கதை நீண்டுகொண்டே போனது. சார் கையை விரித்தார், தராசு பிடிப்பதுபோல் காட்டினார், யாரையோ விரட்டுவதுபோல் நடித்தார். அத்தனைக்கும் கீழே அந்த ஒரே கட்டம் நகராமல் நின்றது. கமலவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த மலர்க்கொடியின் முழங்கையை இடித்தாள்.

"என்னா சொன்னாரு?"

மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "ஒண்ணுமில்ல லா. சும்மா ஜோக்கு."

ஒண்ணுமில்ல. அந்தச் சொல்லை எந்த வாயில் பார்த்தாலும் கமலவேணியால் படித்துவிட முடியும். மீசை மறைத்தாலும் படிப்பாள், வாய் நிறைய வெற்றிலை இருந்தாலும் படிப்பாள். நியாலாஸ் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, பதினான்கு வயதில் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கையில், மூளைக்காய்ச்சல் வந்து காது இரண்டும் போயிற்று. அதற்குப் பிறகு அவளுக்கு மனிதர்கள் அதிகமாகக் கொடுத்தது இந்த ஒரு சொல்லைத்தான். டெலிபோன் வரும், வீட்டில் எல்லார் முகமும் மாறும், என்னவென்று கேட்டால் ஒண்ணுமில்ல. கோயிலில் சண்டை நடக்கும், ஒண்ணுமில்ல. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், குடும்பமே புக்கிட் காத்திலுக்குக் குடிபோகிறது என்பதே வாசலில் லாரி வந்து நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவு பெரிய ஒண்ணுமில்ல அது.

இப்போது அதற்கு ரோஜாப்பூ வைத்து டிவியிலும் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

போட்டது வேறு யாரும் இல்லை, சொந்தத் தாய்மாமன். அதுதான் எரிச்சலிலும் எரிச்சல்.

மலாக்கா டவுனில் அவள் படித்த அந்தத் தனியார் கல்லூரியில் வணிகச் சட்டம் சொல்லித்தர ஆள் இல்லை. கணேஸ்வரன் சார் கோலாலம்பூரில் வக்கீல். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, காலி வகுப்பறையில் கேமரா முன்னால் நின்று அந்த மாதத்துப் பாடம் முழுவதையும் பேசிவிட்டுப் போய்விடுவார். வாரா வாரம் அந்த டேப்பைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவார்கள். நேரில் நிற்கும் வாத்தியாரின் வாயைப் பார்த்து முக்கால்வாசி பிடித்துவிடுகிற கமலவேணிக்கு, டேப்பில் பாதி நேரம் போர்டைப் பார்த்துத் திரும்பி நிற்கிற வாத்தியாரிடம் ஒன்றும் நடக்கவில்லை. போன வருஷம் அந்தப் பாடத்தில் பெயிலானாள். இந்த வருஷமும் பெயிலானால் டிப்ளோமாவே கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதுதான் கல்லூரிச் சட்டம்.

பாடப் பொறுப்பாளர் இந்திராதேவி மிஸ்ஸிடம் போய், பேசுவதை எழுத்தாக டேப்பிலேயே போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். மிஸ் மிகவும் அன்பானவர். தோளைத் தொட்டுத்தான் பேசுவார். "எங்களுக்கு இது பஸ்ட் கேஸ்மா. யாரு செய்வாங்கன்னு தெரியல. நீயே ஆளு பார்த்துட்டு வா, நாங்க டேப்பைக் கொடுக்குறோம்" என்றார். காது கேட்காதவளே போய்க் காது கேட்கிற ஆளைத் தேடி வர வேண்டும். அன்பில் இப்படியும் ஒரு வகை இருக்கிறது.

அப்போதுதான் சுகுமாரன் மாமா மார்பைத் தட்டிக்கொண்டு வந்தார். மெர்லிமாவில் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் கல்யாண வீடியோ கடை வைத்திருப்பவர். படத்தின்மேல் எழுத்துப் போடுகிற டைட்டில் மெஷின் அவரிடம் இருந்தது. "என் அக்கா மவளுக்கு நான் செய்யாம வேற எவன் செய்யிறது? டேப்பைக் கொண்டா லா" என்றார். ஆடி மாதம், கல்யாணம் எதுவும் இல்லை, மெஷின் சும்மா கிடந்தது. முதல் டேப் அழகாகத்தான் வந்தது. ரோஜாப்பூவை எடுக்கச் சொன்னபோது, அது மெஷினோடு வந்தது, எடுத்தால் எழுத்தும் போய்விடும் என்றார். 'ஒப்பந்தம் என்பது இருவர் மனமொத்துச் செய்வது' என்ற வரியைச் சுற்றிப் பூ நின்றபோது வகுப்பு ரசித்தது. பாடம் முடிந்ததும் 'வாழ்க மணமக்கள்' என்று வந்ததற்குக் கை தட்டினார்கள். கமலவேணி அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. பூவோ மணமக்களோ, கேட்காத பாடம் முதல்முறையாகக் கண்ணுக்கு எதிரே வந்து நின்றது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவளுக்கு அழுகைகூட வந்தது.

ஆவணி பிறந்தது. நாகமுத்து வீட்டுக் கல்யாணம், இருளாண்டி வீட்டுக் கல்யாணம் என்று மாமா கேமராவைத் தூக்கிக்கொண்டு ஜாசின் வட்டாரம் முழுக்கச் சுற்றினார். பாட டேப்பில் நாட் இம்பார்ட்டன்ட் பெருக ஆரம்பித்தது.

அந்த மீன்கடைக் கதைக்கு அடுத்த வாரம் தவணைச் சோதனை வந்தது. கமலவேணி டேப்பில் வந்த வரிகளை ஒன்று விடாமல் மனப்பாடம் செய்திருந்தாள். கேள்வித்தாளைத் திருப்பினாள். பாதி மார்க்குக்கு ஒரே கேள்வி: 'பாசாரில் ஒரு மீன்காரர் பலகையில் விலையை எழுதி வைக்கிறார். வாங்க வந்தவர், எழுதிய விலைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று வாதிடுகிறார். மீன்காரர் கொடுத்தாக வேண்டுமா? விளக்குக.'

சுற்றிலும் எல்லாரும் புன்னகையோடு எழுத ஆரம்பித்தார்கள். கமலவேணி கேள்வியைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள், மறுபடி கேள்வியைப் பார்த்தாள். ரோஜாப்பூக் கட்டம்தான் கண்முன் வந்தது. எழுதிய விலைக்குக் கொடுப்பதுதானே நாணயம் என்று தன் மனசாட்சிப்படி ஒரு பக்கம் எழுதினாள். சட்டத்தில் அதற்கு மார்க் கிடையாது.

இந்திராதேவி மிஸ் தாளைக் கொடுத்தபோது வழக்கம்போல் தோளைத் தொட்டார். "பரவால்லமா. பைனல் எக்ஸாம் இருக்கு. உன்னால முடிஞ்சதச் செய்" என்றார். அந்த முடிஞ்சத என்ற வார்த்தையில் இருந்த இரக்கத்தைக் கமலவேணி அவர் உதட்டிலேயே பார்த்துவிட்டாள். தாளை மடித்துப் பையில் திணித்தாள். நேரே மெர்லிமாவ் பஸ்ஸைப் பிடித்தாள்.

மாமா கடையில் ஒரு கல்யாண வீட்டார் டேப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமலவேணி அதையெல்லாம் பார்க்கவில்லை. காது போன பிறகு தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. கோபத்தில் தெரிந்துகொள்ளவும் விரும்பமாட்டாள்.

"மாமா! மீன்கடைக் கதைதான் பாடம்! அதுதான் கேஸு! சட்டம் படிக்கிறவங்களுக்குக் கதைதான் மாமா பாடமே! அதைப் போயி நாட் இம்பார்ட்டன்ட்னு போட்டு வெச்சிருக்கீங்க!"

கல்யாண வீட்டார் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். மாமா முகம் சிவந்துவிட்டது. உள்ளேயிருந்து வாணி அத்தை கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மெதுவா பேசும்மா, கஸ்டமர் இருக்காங்க" என்றார் மாமா. "நான் என்னா உனக்குக் கெட்டதா செஞ்சேன்? நீ கண்டதையும் படிச்சிக் கஷ்டப்படக் கூடாதுன்னு, வேண்டியத மட்டும் பொறுக்கிக் கொடுத்தேன். இருவது வருசமா இந்தத் தொழிலு செய்றேன். கல்யாணத்துல மாப்ள வூட்டுக்காரன் சண்டை போடுவான், சாம்பார் வாளி கவுழும், எவளாவது மூலையில ஒக்காந்து அழுவா. அதையெல்லாமா டேப்புல வைப்பேன்? வெட்டிட்டு நல்லத மட்டும் வைப்பேன். அதுதான் லா தொழிலு!"

"இது கல்யாணம் இல்ல மாமா!"

"எல்லாம் ஒண்ணுதான்."

"எனக்கு எது வேணும் எது வேணாம்னு நீங்க ஏன் முடிவு பண்றீங்க? அவரு இருமினா இருமினாருன்னு போடுங்க. தும்மினா தும்மினாருன்னு போடுங்க. நான் பார்த்து முடிவு பண்ணிக்கிறேன் எது முக்கியம்னு!"

மாமா டைட்டில் மெஷினின் மேல் கிடந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, அவளுக்குப் புரிய வேண்டும் என்று வாயை நன்றாகத் திறந்து மெல்லச் சொன்னார். "அந்த ஆளு கதை சொல்றப்ப ரொம்ப வேகமா இங்கிலீஷ் பேசுறாரும்மா. எனக்கே வெளங்கல."

கமலவேணி அவரையே பார்த்தாள். அப்படியானால் அத்தனை நாட் இம்பார்ட்டன்ட்டும் மாமாவுக்கு விளங்காத இடங்கள். அவருக்கு விளங்காததெல்லாம் அவளுக்கு முக்கியமில்லாததாகிவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக எத்தனை பேர் தங்களுக்கே விளங்காததற்கு ஒண்ணுமில்ல என்று பெயர் வைத்து அவள் கையில் கொடுத்திருப்பார்கள்?

"விளங்காட்டி விளங்கலன்னு போட்ருக்கலாமே மாமா" என்றாள். இந்தமுறை குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

"எப்படிம்மா போடுறது? கடை பேரு கீழ வருதே."

கடைசியில் வாணி அத்தைதான் வழி சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் டவுனில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவர் அத்தை. ஆங்கிலம் காதில் விழுந்து பழகியவர். "நான் கேட்டுச் சொல்றேன், நீங்க அடிங்க. விட்டுப் போனா மறுபடி ஓட்டிக் கேட்போம்" என்றார். மாமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே தலையாட்டினார்.

அதன்பிறகு வந்த டேப்புகளைப் பார்த்திருக்க வேண்டும். கோபித்துக்கொண்ட மனிதர் சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார். 'சார் இருமுகிறார்.' 'சார் தண்ணீர் குடிக்கிறார்.' 'வெளியே ஐஸ்கிரீம் மோட்டார் சைக்கிள் மணியடித்துப் போகிறது.' 'சார் நாற்காலி கிரீச் என்கிறது.' 'வக்கீல் சங்கத்தில் நல்ல காப்பி கிடைக்காது என்கிறார், ஜோக்.' எழுத்து போர்டையே மறைத்துவிட்டது. வகுப்பில் ஒரு சிலர் முணுமுணுத்தார்கள். கமலவேணிக்கும் எரிச்சல்தான். ஆனால் டேப்பில் ஐஸ்கிரீம் மணி அடித்ததும் எல்லாரும் ஏன் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள் என்று அவளுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. அந்த எரிச்சலை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

கடைசி டேப் பரீட்சைக்கான மீள்பார்வை. அதை வாங்க அவளே மெர்லிமாவுக்குப் போனாள். மாமா டேப்பை உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது, கிளம்பு கிளம்பு என்றார். மருமகளை நாசி லெமாக் தின்ன வைக்காமல் அனுப்புகிற மனிதர் இல்லை அவர். கமலவேணி உட்கார்ந்துவிட்டாள்.

"போட்டுப் பாக்கணும்."

"எல்லாம் சரியா இருக்கு."

"போடுங்க மாமா."

ஓட்டினார். பாடம் முழுக்க ஒழுங்காக வந்தது. சார் விடைபெற்றார், கேமராவைவிட்டு நகர்ந்தார். கேமராவை யாரோ நிறுத்த மறந்துவிட்டார்கள். காலி நாற்காலி தெரிந்தது. ஓரத்தில் இந்திராதேவி மிஸ்ஸின் சேலை முந்தானை தெரிந்தது. சார் பேப்பர்களை அடுக்கியபடி ஏதோ பேசுகிறார். கீழே கட்டம் வந்தது. நாட் இம்பார்ட்டன்ட்.

கமலவேணி ஸ்டாப் பட்டனை அமுக்கினாள்.

"என்னா பேசுறாங்க?"

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை சுவரைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் மாமா. அவர் கண் கலங்கியிருந்தது. விளங்காமல் விட்ட இடம் இல்லை இது, நன்றாக விளங்கிய இடம்.

"எழுதுங்க."

"வேணாம்மா. சொன்னா கேளு. இதை கிளாஸ்ல எல்லாரு முன்னாலயும் போடுவாங்க."

"மத்தவங்க எல்லாருக்கும் அது காதுல விழுமே மாமா. எனக்கு மட்டும்தானே விழாது. எழுதுங்க."

அத்தை டேப்பைப் பின்னுக்கு ஓட்டினார். கேட்டார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். மாமா ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். கமலவேணி அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். 'அந்தச் செவிட்டுப் பெண் பாஸ் செய்வாளா?' இது சார். 'சான்ஸே இல்லை. பாவம், முயற்சி பண்ணட்டும். அடுத்த வருஷம் இந்த மாதிரி ஆட்களை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.' இது மிஸ்.

தோளைத் தொட்ட கை. கமலவேணிக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. பிறகு குனிந்து திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். செவிடு என்பதற்கான ஆங்கிலச் சொல்லை மாமா தான் உச்சரிக்கிறபடியே அடித்து வைத்திருந்தார். சாவு என்று அர்த்தம் வந்துவிட்டது.

"கடைசியில எஃப் மாமா, டிஹெச் இல்ல. நான் செவிடுதான், இன்னும் சாகல."

மாமா எழுத்தைத் திருத்தினார். திருத்தி முடித்ததும் மெஷினின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கமலவேணிதான் அவர் முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

பரீட்சையில் அவள் பாஸ் ஆனாள் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். சி கிரேடு, பெருமையாகச் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை. ஆனால் பலகையில் விலை எழுதி வைப்பது வாங்குகிறவனுக்கு அழைப்பு மட்டும்தான், ஒப்பந்தம் ஆகாது என்பதை இனி அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதற்கு முன்னால் நடந்ததுதான் கதை.

மீள்பார்வை வகுப்புக்கு இந்திராதேவி மிஸ்ஸே வந்து டேப்பைப் போட்டார். பரீட்சை நெருங்கிவிட்டதால் ஒரு ஆள்கூட விடுப்பில் இல்லை. பாடம் ஓடியது. சார் இருமினார், தண்ணீர் குடித்தார், விடைபெற்றார். பிள்ளைகள் புத்தகங்களை எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். மிஸ் வாசல் பக்கம் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். காலி நாற்காலி தெரிந்தது. கட்டம் வந்தது.

புத்தகம் எடுத்து வைத்த கைகள் நின்றன. மலர்க்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் குரல் டிவியிலிருந்து வருவதைக் கேட்டு மிஸ் திரும்பினார். ஓடி வந்தார், முக்காலியில் இடித்துக்கொண்டார், பட்டனை அமுக்கினார். பதற்றத்தில் ஸ்டாப்புக்குப் பதில், படத்தை அப்படியே நிறுத்தி வைக்கிற பட்டனை அமுக்கிவிட்டார். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. 'அடுத்த வருஷம் இந்த மாதிரி ஆட்களை எடுக்க வேண்டாம்.' நான்கு மூலையிலும் ரோஜாப்பூ லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

மொத்த வகுப்பும் கமலவேணியைத் திரும்பிப் பார்த்தது. மிஸ்ஸும் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கையை அவள் தோளை நோக்கி நீட்டினார், தூரம் அதிகம், எட்டவில்லை. வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று கமலவேணிக்கு முன்பே தெரியும்.

"ஒண்ணுமில்லமா" என்றார் மிஸ். "அது வந்து… ஒண்ணுமில்ல."

கமலவேணி கையைத் தூக்கினாள். பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாணவி எப்படித் தூக்குவாளோ அப்படி. எழுந்து நின்றாள். எல்லாருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே, தன் உரத்த குரலில் கேட்டாள்.

"மிஸ், இது எக்ஸாமுக்கு வருமா?"

முன்வரிசைச் சீனப் பையன் மேசையைத் தட்டினான். பின்னால் இரண்டு மலாய்ப் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்தார்கள். மலர்க்கொடி கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். வகுப்பே சிரித்தது. என்ன ஜோக் என்று கமலவேணி யாரையும் முழங்கையால் இடிக்கவில்லை.